விழுந்ததும் சேவித்ததும்

அம்மா மண்டபம் சாலை,
ஸ்ரீரங்கம்,
சனிக்கிழமை.

என் மகன் ஸ்ரீதருக்குப் பெண் கொடுத்த பெருந்தகை, சம்பந்தி ஸ்ரீமான் திருநாராயணன் ஸ்வாமி திருவடிகளில் அடியேன் லக்ஷ்மணன் தண்டம் சமர்ப்பித்து விண்ணப்பித்துக் கொள்வது. தண்டம், அதாவது விழுந்து சேவிப்பது, என்று எழுதவே பேனா தயங்குகிறது. காரணம் கீழே வருகிறது. இப்போதைக்கு அதைக் காகிதத்தில் மட்டும் சமர்ப்பித்ததாக ஏற்றுக்கொள்ள வேணும்.

இங்கே மைதிலி க்ஷேமம். ஸ்ரீதர் க்ஷேமம். தேவரீர் குமாரத்தி வகுளா, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் கம்பெனி வேலையையும் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு க்ஷேமமாக இருக்கிறாள். அடியேனும் இடது முழங்கை, இடுப்பு நீங்கலாக க்ஷேமம். தேவரீர் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் விசாரிக்கிறேன்.

வடக்குச் சித்திரை வீதிக்கும் அம்மா மண்டபம் சாலைக்கும் நடுவே தபால் எதற்கு, போன் இல்லையா என்று தேவரீர் கேட்கலாம். போன் இருக்கிறது. போனில் பேசினால் மைதிலி பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்வாள். அதுவுமன்றி இது குரல் கேட்கச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. தேவரீர் தனியாகப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட வேணும். முக்கியமாக, வகுளாவுக்கு இதில் ஒரு எழுத்துகூடத் தெரியக் கூடாது. நாளைக்கும் அவள் கையால் சாப்பிட உட்கார வேண்டியவன் அடியேன்.

சங்கதி இதுதான். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குத் தேவரீர் எழுதிக் கொடுத்த புகாரின் பேரில் சகாயராணி சிஸ்டருக்கு வருகிற வியாழக்கிழமை விசாரணை. அதற்குள் தேவரீர் அந்தப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேணும். ஏன் என்று சொல்வதற்கு ஆரம்பத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. தேவரீர் பொறுத்தருள வேணும்.

அடியேனுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைசுற்றல் வந்து, காவிரிப் பாலம் தாண்டி அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தது தேவரீருக்குத் தெரியும். சேர்த்த அன்றே மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டி, இவர் விழக்கூடிய ஆசாமி என்று முத்திரை குத்திவிட்டார்கள். படுக்கை விரிப்புக்கு அடியில் மெல்லிய அட்டை மாதிரி ஒன்றை வைத்தார்கள். ஆள் அதன்மேல் படுத்திருக்கும்வரை சும்மா இருக்கும், உடம்பு கொஞ்சம் எழும்பினால் போதும், ஊளையிடும். நர்ஸுகள் அதை அலாரம் என்றார்கள். அடியேனோ திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் காலம் தள்ளியவன். எங்களுக்குச் சத்தம் போடுகிற எதுவும் சங்குதான். வேலைக்குள் போகச் சங்கு, வீட்டுக்குக் கிளம்பச் சங்கு, நெருப்புப் பிடித்தால் சங்கு. ஆகையால் இதுவும் சங்கு. மைதிலியும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டாள். அந்தப் பழக்கம் படுத்திய பாடு பின்னால் வருகிறது.

சங்கைக் கண்டு அடியேன் சந்தோஷப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைத்தான் எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன். பாத்ரூம் போக வேண்டும் என்று அடியேனுக்கு வாய்விட்டுச் சொல்ல வராது. பிறவிக் குணம். தொழிற்சாலையில் "ஒரு ரவுண்ட் போயிட்டு வரேன்" என்று எழுந்து போவேன். அதைக் கேட்டுக் கேட்டு மேனேஜர்கள் அடியேனைக் கடமை உணர்ச்சி மிக்கவன் என்று நம்பி ஒரு விழாவில் சால்வைகூடப் போர்த்தினார்கள். கல்யாணமான நாளாக மைதிலியிடம் "கை அலம்பிண்டு வரேன்" என்பதற்கு மேல் விவரம் சொன்னது கிடையாது. வகுளாவைப் பெண் பார்க்கத் தேவரீர் திருமாளிகைக்கு வந்தபோது, பாதி பேச்சில் "கொஞ்சம் வேலை இருக்கு" என்று அடியேன் எழுந்து அவசரமாகக் கிளம்பினேன். பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று தேவரீரும் மாமியும் கலங்கிப் போனது பிற்பாடு தெரிய வந்தது. பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. பாத்ரூம் எங்கே என்று கேட்கத்தான் பிடிக்கவில்லை.

அப்படிப்பட்டவனைப் பலர் படுத்திருக்கும் வார்டில் போட்டு, மகள் வயது நர்ஸுகளிடம் கேட்டுக்கொள் என்றால் என்ன செய்வேன்? சங்குதான் கைகொடுத்தது. அவசரம் வந்தால் இடுப்பை லேசாகத் தூக்குவேன். ஊதும். சிஸ்டர் யாராவது ஓடி வந்து "பாத்ரூமா சார்?" என்பார். அடியேன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவேன். ஒரு வார்த்தை பேசாமல் காரியம் முடிந்துவிடும். இவ்வளவு நாகரிகமான இயந்திரத்தைக் கண்டுபிடித்தவன் எந்த ஊர்க்காரனோ, அவன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று தினம் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் சங்குக்கு விவஸ்தை கிடையாது. இருமினால் ஊதும். தலையணையைத் திருப்பினால் ஊதும். மைதிலி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தால், நோயாளிதான் எழுந்து ஓடுகிறான் என்று ஊதும். அறையில் எல்லாக் கட்டிலிலும் ஒன்று இருந்தது, ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று ஆரம்பிக்கும். போகப்போக நர்ஸுகளுக்குக் காது மரத்துவிட்டது. ஊதினால் ஊதட்டும் என்று கைவேலையை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். குறை சொல்ல அடியேனுக்கு யோக்கியதை இல்லை, தொழிற்சாலையில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் தொட்டியத்து வாழை விவசாயி நல்லுசாமி. அவர் அசைவதையே விட்டுவிட்டார். "அசைஞ்சாக் கத்துதுங்க. எதுக்கு வம்புன்னு கட்டை மாதிரி கெடக்கேன்" என்றார். அப்படிக் கிடந்ததில் கால் இரண்டும் வலுவிழந்து, வரும்போது நடந்து வந்த மனிதரைச் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் பார்த்துத்தான் வார்டுக்குப் பொறுப்பான சகாயராணி சிஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். பாலக்கரைக்காரர். நல்ல மனுஷி, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். "சார், இது எந்திரிச்சப்புறம்தான் கத்துது. நாங்க வந்து சேர்றதுக்குள்ள விழறவங்க விழுந்துடறாங்க. அதுக்குப் பதிலா நாங்களே அப்பப்ப வந்து என்ன வேணும்னு கேட்டுட்டுப் போறோம்" என்று சொல்லி, பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி, சங்குகளை ஒவ்வொரு கட்டிலாக எடுக்க ஆரம்பித்தார். கட்டில்களைத் தாழ்த்தினார். மூக்குக் கண்ணாடி, தண்ணீர், செல்போன் எல்லாவற்றையும் கைக்கு எட்டும்படி வைத்தார். நல்லுசாமியைத் தாங்கிப் பிடித்து ஜன்னல்வரை நடத்திக்கொண்டு போனார். அவர் அங்கே நின்று வெளியே பஸ் போவதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாக நின்று, "வலி இருக்கா? தண்ணி வேணுமா? பாத்ரூம் போகணுமா?" என்று கேட்பார். அந்தக் கணீர்க் குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி. வலி இருக்கிறது என்பேன். தண்ணீர் வேண்டும் என்பேன். மூன்றாவது கேள்விக்கு மட்டும், பிறந்ததிலிருந்து அந்தப் பழக்கமே இல்லாதவன் மாதிரி, "சேச்சே, வேண்டாம்மா" என்பேன்.

தேவரீர் ஆஸ்பத்திரிக்கு எழுந்தருளிய அன்று காலை மைதிலி சம்பந்தி மாமியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அடியேன் அவசரத்துக்கு இடுப்பைத் தூக்கினேன். அவள், "இருங்கோ மாமி, இவருக்குச் சங்கு ஊதிடுத்து, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டாள். அவள் மனதில் கல்மிஷம் இல்லை. அந்த வார்த்தை வடக்குச் சித்திரை வீதியில் எப்படிப் போய் இறங்கியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தேவரீர் திரும்பக் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை என்று பிற்பாடு சொல்லியருளினீர்கள். எடுத்திருக்க மாட்டாள், சார்ஜ் போட்டு மறந்துவிட்டாள். தேவரீர் கண்ணெல்லாம் சிவந்து, துளசி மாலையும் கையுமாக ஆட்டோ ஏறியது அதனால்தான்.

உண்மையிலேயே அதுதான் அடியேனுக்கு ஊதிய கடைசிச் சங்கு. சகாயராணி சிஸ்டர் அடியேனைப் பாத்ரூம் அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைக்கும் முன்பு, விரிப்புக்கு அடியிலிருந்து அட்டையை உருவிவிட்டார். "இனிமே இது வேண்டாம் சார். நான் வரப்ப சொல்லுங்க. அவசரம்னா இந்த பெல்லை அமுக்குங்க" என்றார். பெல்லை அமுக்கினால் யாராவது வந்து "என்ன சார் வேணும்?" என்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அது நடக்கிற காரியமா? கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து மூன்று கேள்வியையும் கேட்டார். வழக்கம்போல் "சேச்சே" என்றேன். அவர் அடுத்த அறைக்குப் போனார், எனக்கு அவசரம் வந்துவிட்டது. டிரிப்ஸ் ஏறுகிற உடம்பு. மைதிலி கேன்டீனுக்குப் போயிருந்தாள்.

எழுந்தேன். கட்டில் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். தலை சுற்றியது, பிடி நழுவியது. இரண்டு கையும் முன்னால் நீட்டி, முகம் தரையைப் பார்க்க, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு தேவரீர் எழுந்தருளினீர்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு திருவடிகள், அதற்கு மேல் துளசி மாலை. "விழுந்துட்டேன், தூக்குங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "அடியேன், சேவிக்கிறேன்."

போய்விட்டான் என்று நினைத்திருந்த சம்பந்தி உயிரோடு காலடியில் கிடந்து சேவித்தால் யாருக்குத்தான் மனசு உருகாது? "பெருமாளே, இந்த நிலைமையிலயும் இப்படியொரு விநயமா!" என்று கண்ணீர் விட்டீர்கள். சேவித்தவரைப் பதிலுக்குச் சேவிப்பதுதானே முறை? மாலையைக் கட்டிலில் வைத்துவிட்டு நீங்களும் எதிரே விழுந்து சேவித்தீர்கள். சேவித்த இடத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டு உங்களுக்கு எழுந்திருக்க வரவில்லை. எனக்கும் வரவில்லை. இருவரும் தலைக்கு நேர் தலையாகத் தரையில் கிடந்தபடி ஒருவரையொருவர் க்ஷேமம் விசாரித்துக்கொண்டோம். நல்லுசாமி எழுந்து உட்கார்ந்து, "சிஸ்டர், ஓடியாங்க! இங்க ரெண்டு ஐயருங்க விழுந்து கெடக்கறாங்க!" என்று கத்தினார். "ஐயங்கார்" என்று நீங்கள் தரையிலிருந்தபடியே திருத்தினீர்கள்.

சிஸ்டர் ஓடி வந்தார். கூட வந்த நர்ஸின் உதவியோடு முதலில் உங்களை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு என் பக்கம் குனிந்தார். இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே வீண். என் வேஷ்டி நனைந்திருந்தது. அவர் பார்த்துவிட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கட்டிலிலிருந்த போர்வையை இழுத்து, குளிருகிறவனுக்குப் போர்த்துவதுபோல் என்மேல் போர்த்தி, உங்களுக்கும் எனக்கும் நடுவே நின்றுகொண்டு, "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க, டிரிப்ஸ் மாத்தணும்" என்றார். அறை முழுக்கக் கேட்கும் அந்தக் குரலை எப்படி அவ்வளவு தணித்தாரோ, எனக்கு மட்டும் கேட்கும்படி, "பரவால்ல சார், ஒண்ணுமில்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது. வேஷ்டி மாற்றி, என்னைப் படுக்க வைத்து, மற்றவர்கள் யாருக்கும் தெரியாமல் தரையைத் துடைக்கச் சொன்னார்.

அதற்கப்புறம்தான், "சார், விழுந்தீங்களா?" என்று கேட்டார். அதற்குள் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். "விழுந்து சேவிச்சார்மா" என்றீர்கள். "விழுந்தாரா, சேவிச்சாரா? நான் எழுதணும் ஐயா." "விழாம எப்படிம்மா சேவிக்கறது?" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். என் மானத்தைச் சற்று முன்தான் ஒரு போர்வையால் மூடிக் காப்பாற்றியவர், கொஞ்சம் உண்மையைச் சொல்லேன் என்பதுபோல் பார்த்தார். நான் அந்தப் போர்வையையே இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு, "சேவிச்சேன்" என்றேன். என் முழங்கையில் ரத்தம் கட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "விழுந்தார்" என்று எழுதிக்கொண்டு போனார். அப்படி எழுதியதால்தான் டாக்டர் வந்து தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எனக்காகத்தான் எழுதினார்.

உங்களுக்கு வந்தது நியாயமான கோபம், தப்பான ஆள்மேல் வந்துவிட்டது. ஒரு வைஷ்ணவன் சேவித்ததை விழுந்தான் என்று எழுதுவதா, சம்பிரதாயத்துக்கே இழுக்கு என்று நிர்வாகத்துக்குப் புகார் கொடுத்தீர்கள். முதல் பக்கத்தில், சம்பந்தி விழவே இல்லை. இரண்டாம் பக்கத்தில், சம்பந்தி விழுந்தபோது சங்கு ஏன் ஊதவில்லை. இரண்டும் எப்படி ஒத்துவரும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ரிட்டையர்டு பிரின்ஸிபாலான உங்கள் இங்கிலீஷைப் பார்த்து மிரண்டிருப்பார்கள். மறுநாளே எல்லாக் கட்டிலுக்கும் சங்கு திரும்பி வந்துவிட்டது. சகாயராணி சிஸ்டரை வார்டிலிருந்து எடுத்து, சலவைத் துணிக்குக் கணக்குப் பார்க்கிற இடத்தில் போட்டுவிட்டார்கள். ஜன்னல்வரை நடந்து பஸ் பார்த்த நல்லுசாமி மறுபடியும் அசையாமல் படுத்துவிட்டார். "அந்தம்மா எங்கங்க?" என்று என்னைத்தான் கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பியதற்குச் சங்கு ஊதியது. நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, "நடந்ததைச் சொல்லுங்க சார்" என்று கேட்டபோதும், "சம்பந்தி சொன்னதுதான்" என்றேன். இப்படி ஒரு வாய் எனக்கு.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று லிஃப்ட் பக்கத்தில் சிஸ்டரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவரே கிட்ட வந்து, "வீட்டுல எந்திரிக்கறதுக்கு முன்னாடி யாரையாவது கூப்பிடுங்க சார். கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க" என்றார். விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்யாக எழுதினார் என்று முடிவானால் வேலையே போய்விடும் என்று நீங்கள் வகுளாவிடம் சொல்லி, அவள் எங்களிடம் சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மைதிலி அதையும் சோடியம் என்கிறாள்.

ஆகவே கேட்டருள வேணும். அன்று நான் சேவிக்கவில்லை. விழுந்தேன். பாத்ரூம் போகக் கிளம்பி, கூப்பிட வெட்கப்பட்டு, விழுந்தேன். அவர் எழுதியது நிஜம், நான் சொன்னது பொய். அந்த அட்டை இருந்திருந்தாலும் நான் விழுந்துதான் இருப்பேன், விழுந்த செய்தி மட்டும் ஊருக்குத் தெரிந்திருக்கும். இதையே கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கும் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தேவரீர் புகாரைத் திரும்ப வாங்கும்போது அதைக் கொடுத்து, சகாயராணி சிஸ்டரைப் பழையபடி வார்டுக்கு அனுப்பச் சொல்ல வேணும். தேவரீர் என்னைச் சேவித்தது வீணாயிற்றே என்று வருந்த வேண்டாம். அது பெருமாளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும், நான் குறுக்கே கிடந்தேன், அவ்வளவே.

இத்தனையும் எழுதியதில் ஒரு நன்மை. பிறவியிலிருந்து சுமந்த வெட்கம் இன்றோடு ஒழிந்தது. வேண்டியதை வேண்டிய நேரத்தில் வாய்விட்டுக் கேட்கிற மனிதனாகிவிட்டேன். சம்பந்தி மாமிக்கு அடியேன் நமஸ்காரம். சங்கு ஊதிவிட்டது என்று கேட்டு அவர் அன்று அழுத அழுகைக்கு நான் அருகதை இல்லாதவன் என்று சொல்லவும். திருமாளிகையில் எல்லோரும் பெருமாள் கிருபையால் தலைசுற்றல் இல்லாமல் நூறாண்டு வாழ வேணும்.

இப்படிக்கு,
விழுந்த அடியேன்,
லக்ஷ்மணன்

பின்குறிப்பு: வெட்கம் ஒழிந்தது என்று மேலே எழுதிய வரியை அடித்துவிட்டுப் படிக்க வேணும். இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டதற்குக் காரணம் உண்டு. தேவரீர் முழங்காலை விசாரித்த இடத்திலிருந்தே எனக்குப் பாத்ரூம் போக வேண்டும். மைதிலி கோயிலுக்குப் போயிருக்கிறாள், ஸ்ரீதர் ஊரில் இல்லை, வாக்கர் எதிர்ச் சுவரில் சாய்ந்திருக்கிறது. எழுதி முடிப்பதற்குள் மைதிலி வந்துவிடுவாள் என்று பாராவுக்குப் பாரா இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. தனியாக எழுந்திருக்க மாட்டேன், அது சத்தியம். கடைசியில் துணிந்து "வகுளா!" என்று கூப்பிட்டேன். பாவம், ஆபீஸ் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து, "என்னப்பா வேணும்?" என்றாள். "காபி" என்றேன். முழு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தும் விட்டேன். இப்போது கதவருகில் நின்று, "ஏம்பா முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்கிறாள். வாயைத் திறந்தால் இன்னொரு காபி கேட்டுவிடுவேன். ஆகையால் ஸ்வாமி மன்னிக்க வேணும், கடிதத்தை இப்படியே அவள் கையில் கொடுக்கப் போகிறேன். வகுளா, முதலிலிருந்து படிக்காதே அம்மா, அதற்கெல்லாம் நேரமில்லை. பின்குறிப்பை மட்டும் படி.